‘ஆம்’ போடச் சொன்ன தம்பிக்கு

பாசமுள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும் என்பதால் அப்படியே எழுதுகிறேன். நலமில்லை என்பது போகப் போக உனக்கே தெரியும். நீ நலமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, உன் அறை நண்பன் இன்னும் குறட்டை விடுகிறானா என்பதையெல்லாம் நான் விசாரித்ததாக வைத்துக்கொள். கோபமாக இருக்கும்போது எனக்குக் குசலம் விசாரிக்க வராது. விசாரிக்காமல் விட்டால் நீ அம்மாவிடம் போய்ச் சொல்வாய், அதற்காகத்தான் இந்த நான்கு வரி.

இதைக் காகிதத்தில் எழுதுகிறேன். காலையில் வெளிச்சம் வந்ததும் படம் பிடித்து உனக்கு அனுப்புவேன். இந்தக் காலத்தில் யார் அக்கா காகிதத்தில் எழுதுவார்கள் என்று சிரிக்காதே. பேனாவை எடுத்தால் பேனா எழுதுகிறது. ‘இந்தப் பேனாவைச் செய்தவர் யாரென்று தெரியவில்லை, நிச்சயமாக எழுதத்தான் வேண்டுமா’ என்று கேட்பதில்லை. மூடியைக் கழற்றினால் மூடியோடு மேசைக் காலும் சேர்ந்து கழன்று வருவதில்லை. பாதி வாக்கியத்தில் ‘கொஞ்சம் பொறு, என்னைப் புதுப்பித்துக்கொள்கிறேன்’ என்று வட்டம் சுற்றுவதில்லை. நம் வீட்டில் இப்போது ஒழுங்காக வேலை செய்கிற ஒரே சாமான் இதுதான். உன் மாமாவும் குட்டிப் பொண்ணு மிளகும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை, வராததற்குக் காரணம் நீ.

போன விடுமுறையில் வந்திருந்தாயே, அப்போது என் லேப்டாப் மெதுவாக ஓடுகிறது என்று பேச்சுவாக்கில் உன்னிடம் சொன்னேன். சொன்னது அவ்வளவுதான். மிளகைக் குளிப்பாட்டித் தலை துவட்டிவிட்டு வருவதற்குள் அதிலிருந்த விண்டோஸை வழித்து எறிந்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டு வைத்திருந்தாய். கேட்டதற்கு, இது இலவசம், வைரஸ் வராது, யாரும் உளவு பார்க்க முடியாது என்றாய். என்னை உளவு பார்த்து யாருக்கு என்னடா கிடைக்கப் போகிறது, எத்தனை துணி காயப் போட்டேன் என்பதா? அதோடு விட்டாயா? பள்ளிக்கூடத்தில் நான் ஒரு பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியதை நினைவு வைத்துக்கொண்டு, அக்காவுக்குத் தமிழ் என்றால் உயிர் என்று கணினி முழுவதையும் தமிழுக்கு மாற்றிவிட்டு ரயிலேறிப் போய்விட்டாய். நான் கல்லூரியில் படித்தது புள்ளியியல். அன்றிலிருந்து அந்தப் பெட்டி என்னிடம் மேடைப் பேச்சாளர் மாதிரி பேசுகிறது. மென்பொருளைப் போடுவதை நிறுவு என்கிறது. நீக்கு என்கிறது. மென்பொருள் மூட்டைகளைப் பொதிகள் என்கிறது, பொதி என்றால் கழுதை முதுகில் ஏற்றுவது என்றுதான் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு ‘தொடரவா?’ என்று கேட்டு, ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தானை நீட்டுகிறது. வீட்டில் யாராவது ஆம் என்று சொல்லுவார்களா? நான் ஆமா என்பேன். மாமா ‘ம்’ என்பார், அதுவும் இரண்டாவது தடவை கேட்டால்தான். மாலை போட்டு மைக்கைக் கையில் கொடுத்தால்தான் மனுஷனுக்கு ஆம் என்று வரும்.

சரி, அதோடு போயிருந்தால் நானும் பொறுத்துப் போயிருப்பேன். மிளகு விஷயம் உனக்குத் தெரியும். மூன்று வயது நெருங்குகிறது, ஒரு சொல் வரவில்லை. எல்லாம் புரிகிறது. செருப்பைக் கொண்டுவா என்றால் ஜோடி சேர்த்துக் கொண்டுவருகிறாள். வேண்டியதை விரலால் காட்டுகிறாள். கோபம் வந்தால் உன்னைப் போலவே தரையில் குப்புறப் படுக்கிறாள். காதைச் சோதித்தாகிவிட்டது, நன்றாகக் கேட்கிறது. வாய்தான் திறக்கவில்லை. அன்றைக்குப் பூங்காவில் இவளைவிடச் சின்னது ஒன்று, ‘அந்த நாய் என்னையே பாக்குது’ என்று முழு வாக்கியமாகச் சொன்னது. அதன் அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன், அதற்குப் பிறகு அந்தப் பூங்காப் பக்கமே நாங்கள் போகவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருவரிடம் அழைத்துப் போகிறோம் என்று சொன்னேன் இல்லையா? நல்ல மாதிரி. நான் பதறப் பதற அவர் பாட்டுக்குப் பொம்மையை அடுக்கிக்கொண்டிருப்பார். முதல் நாளே என்னிடம் ஒன்று சொன்னார். “குழந்தைகிட்ட ஒண்ணு கேளுங்க, கேட்டுட்டு காத்திருங்க. நீங்க கேள்வியும் கேட்டு, பதிலும் சொல்லி, பாராட்டும் குடுத்துடறீங்க. அவ வாயத் திறக்க இடமே இல்ல.” நான் அப்படிச் செய்வதில்லை என்று அவருக்கு விளக்கமாகப் பதில் சொன்னேன். விளக்கி முடிக்கும்வரை அவர் காத்திருந்தார்.

அவர் பென்டிரைவில் ஒரு மென்பொருள் கொடுத்தார். படப்பலகை என்று சொல்வார்கள். திரையில் பால், பந்து, பூனை என்று படங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அம்மா தன் குரலைப் பதிந்து வைக்க வேண்டும். குழந்தை படத்தை அழுத்தினால் அம்மா குரலில் அந்தச் சொல் கேட்கும். எதை எத்தனை தடவை அழுத்தினாள், எங்கே நின்றாள் என்று அதுவே குறித்துக்கொள்ளும். போனில் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், போனைக் கையில் கொடுத்தால் பூனையைத் தள்ளிவிட்டுக் கார்ட்டூனுக்குப் போய்விடுமாம். வருகிற வெள்ளிக்கிழமை அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான், இங்கேயே தொடர்வதா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வேறு சோதனைகள் செய்வதா என்று சொல்வார். இதை இரண்டு தடவை படித்துக்கொள், தம்பி. பென்டிரைவில் விண்டோஸுக்கு ஒன்று இருந்தது, மேக்குக்கு ஒன்று இருந்தது. லினக்ஸுக்கு என்று கேட்டேன். “அப்படின்னா?” என்றார்.

வீட்டுக்கு வந்து விண்டோஸுக்கானதை உன் லினக்ஸில் அழுத்தினேன். ஓடவில்லை. கோழியை வெட்டிப் பிரித்து வைத்த மாதிரி உள்ளே இருக்கிற குடல், ஈரல் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துக் காட்டியது. உன்னைக் கூப்பிட்டேன். லினக்ஸில் வெளியாள் உள்ளே வர முடியாது அக்கா, எல்லாம் லினக்ஸுக்கென்று இணையத்தில் இருக்கிற மென்பொருள் கிடங்கிலிருந்துதான் வர வேண்டும், அதுதான் பாதுகாப்பு என்றாய். கிடங்கில் தேடினேன். என்னதான் இல்லை அங்கே? நட்சத்திர வரைபடம் இருக்கிறது. பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற கருவி இருக்கிறது. திரையில் நீந்துகிற மீன் தொட்டி இருக்கிறது. என் குழந்தையைப் பேச வைக்கிற பலகை மட்டும் இல்லை.

அதற்குள் உன் மாமாவுக்கு வீரம் வந்துவிட்டது. இதெல்லாம் ஒரு விஷயமா என்று பென்டிரைவை வாங்கித் தன் விண்டோஸ் கணினியில் செருகினார். உன் மாமா கணினியில் எதையும் படிக்க மாட்டார். மாடிப்படி இறங்குகிற மாதிரி அடுத்து, அடுத்து, சம்மதம், அடுத்து, முடி என்று தடதடவென்று இறங்கி நின்றார்.

“படிச்சுப் பாத்தீங்களா?” என்றேன்.

“யாரு படிப்பா? எழுதினவனே படிச்சிருக்க மாட்டான்.”

படப்பலகை வந்தது, பொய் சொல்லக் கூடாது. வந்த கையோடு, கல்யாணத்துக்கு ஒருத்தரை அழைத்தால் வண்டியோடு வந்து இறங்குவார்களே, அந்த மாதிரி அதற்குத் துணையாக வேண்டும் என்று மாமா வேறு எங்கிருந்தோ தரவிறக்கிய ஒன்று தன் கூட்டத்தையும் அழைத்து வந்தது. மூலையில் ஒரு வானிலைப் பறவை உட்கார்ந்துகொண்டு வெயில் அடிக்கிறது என்று சன்னலைத் திறந்தால் தெரிவதைச் சொன்னது. இன்னொன்று, உங்கள் கணினி மெதுவாக இருக்கிறது, வேகமாக்கவா என்று கேட்டுக் கேட்டே அதை மெதுவாக்கியது. நான் எதையும் கண்டுகொள்ளாமல் சன்னல் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு, மைக்கைக் கையில் பிடித்து, பால், பந்து, பூனை, வா, தா என்று ஒவ்வொன்றாகப் பதிந்தேன். வியர்த்துக் கொட்டியது. கீழ்வீட்டு அம்மா ஏதோ பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தவர், கட்டிலில் ஒரு மூட்டை உட்கார்ந்து பூனை பூனை என்பதைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். போகட்டும். மிளகு பூனையை அழுத்தினாள், என் குரல் கேட்டது, திரும்பி என் வாயைப் பார்த்தாள், மறுபடியும் அழுத்தினாள். அவள் உதடு குவிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் பயிற்சிக்கு உட்காருகிற நேரத்துக்குச் சரியாக விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கியது. அணைக்காதீர்கள் என்று போட்டுவிட்டு வட்டம் சுற்றியது. மிளகு கைதட்டி வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் சதவீதம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கெல்லாமோ இவ்வளவு முடிந்தது, இவ்வளவு பாக்கி என்று காட்டுகிறார்கள். இவளுக்கும் தலைமேல் அப்படி ஒரு கம்பி ஓடினால் நான் பேசாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன், ஒருத்தரையும் தொந்தரவு செய்ய மாட்டேன். சரி, அதை விடு.

இந்த வட்டத்தைப் பார்த்து எரிச்சல்பட்ட உன் மாமா கணினியைச் சுத்தம் செய்வது என்று கிளம்பினார். அவர் அகராதியில் சுத்தம் என்றால் திரையில் இருக்கிற படத்தைப் பிடித்துக் குப்பைத் தொட்டியில் போடுவது. வானிலைப் பறவையைப் போட்டார். கதவிலிருந்து பெயர்ப் பலகையைக் கழற்றிவிட்டு ஆள் காலி செய்துவிட்டான் என்று நினைக்கிற மாதிரி. பறவை காலையில் வந்து உட்கார்ந்து, இன்றும் வெயில் என்றது. அலுவலகத்தில் யாரோ சரியான வழி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், மென்பொருள் பட்டியலுக்குப் போய் அங்கிருந்து நீக்க வேண்டும் என்று. போயிருக்கிறார். படப்பலகை அந்தப் பட்டியலில் படப்பலகை என்ற பெயரில் இல்லை, அதைச் செய்தவர்களின் பெயரில் இருந்திருக்கிறது.

“என்னமோ வாயில நுழையாத பேரா இருந்துச்சு. இதுதான் வைரஸ்னு நெனச்சேன்.”

“நீக்கும்போது ஒண்ணும் கேக்கலையா அது?”

“கேட்டுச்சு.”

“என்ன கேட்டுச்சு?”

“அடுத்துன்னு இருந்துச்சு.”

பதிந்து வைத்த குரல்களையும் குறிப்புகளையும் சேர்த்து அழிக்கவா என்று அது கேட்டிருக்கிறது. மனுஷன் அடுத்து என்றிருக்கிறார். போக வேண்டியது தங்கிவிட்டது, தங்க வேண்டியது போய்விட்டது. பறவை இன்னும் இருக்கிறது. நாளைக்கும் வெயிலாம்.

அடுத்து அழுத்துகிற கைக்குப் பக்கத்தில் மறுபடியும் என் குரலைப் பதிந்து வைக்க எனக்குத் துணிவில்லை, நாத்தனாரிடம் போய் நின்றேன். எனக்கு அவளிடம் ஒரு பொருள் கேட்பது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அவளிடம் மேக் இருக்கிறது, தாம்பூலத் தட்டு மாதிரி மெல்லிசாக. இரண்டு நாளைக்குக் கொடுத்தாள். கொடுக்கும்போதே, “எங்களோடதுல இந்தக் கூத்தெல்லாம் கெடையாது அண்ணி. இழுத்துப் போட்டா வந்துரும், இழுத்துப் போட்டா போயிரும்” என்றாள். முதலில் அது உள்ளேயே விடவில்லை. செய்தவர் யாரென்று தெரியாது, திறக்க மாட்டேன் என்றது. பெரிய இடத்து வாசலில் காவலாளி நிற்கிற மாதிரி. அமைப்புகளுக்குள் போய், எனக்குத் தெரிந்தவர்கள்தான், விடு என்று சிபாரிசு செய்த பிறகு ஒரு சின்னச் சன்னல் திறந்தது. அதில் படப்பலகையின் படம், ஓர் அம்பு, பக்கத்தில் ஒரு கோப்புறை. அழகாக இருந்தது. நான் அந்தப் படத்தையே தட்டினேன், ஓடியது. இந்தத் தடவை போர்வை வேண்டாம் என்று மேக்கைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் பால், பந்து, பூனை. எதிரொலியோடு நன்றாகவே வந்தது. எல்லாம் முடிந்ததும் திரையில் தட்டு மாதிரி ஒன்று மிச்சம் கிடந்தது, வேண்டாதது போலிருக்கிறது என்று வெளியேற்றினேன். படப்பலகையைக் காணோம்.

நாத்தனாரைப் போனில் கூப்பிட்டேன். அவள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. “அண்ணி, நீங்க அத வீட்டுக்குள்ளயே கூப்பிடல. வாசல்ல நிக்க வச்சே வேலை வாங்கியிருக்கீங்க.” அம்புக்குறி காட்டிய இடத்துக்கு இழுத்துப் போட வேண்டுமாம். போட்டேன். பதிந்த குரல்கள் எங்கோ பத்திரமாக இருந்தன, எல்லாம் திரும்பி வந்தது. நானும் மிளகும் நிம்மதியாக உட்கார்ந்தோம். நிம்மதி என்றால் இரண்டு நாள். நாத்தனார் அலுவலகத்துக்கு வேண்டும் என்று மேக்கை வாங்கிப் போனாள், படப்பலகையைக் குப்பைத் தொட்டிக்கு இழுத்துப் போட்டாள், கையைத் தட்டிவிட்டாள், முடிந்தது.

முடியவில்லை. பயிற்சிக்கு நேரமானால் நான் பதிந்து வைத்த குரலில் கூப்பிடுவதற்கென்று படப்பலகை ஒரு சின்ன ஆளைத் தனியே உள்ளே உட்கார வைத்திருக்கிறது. முதலாளியைக் குப்பையில் போட்டது அந்த ஆளுக்குத் தெரியாது. நாத்தனார் அலுவலகக் கூட்டத்தில் கணக்குக் காட்டிக்கொண்டிருந்தபோது சரியாக மிளகின் பயிற்சி நேரம் வந்திருக்கிறது. குளியலறை எதிரொலியோடு என் குரல், ‘மிளகு, வாடா செல்லம், அம்மா மடியில வந்து உக்காரு’ என்று கூடம் முழுக்கக் கேட்டிருக்கிறது. அதையும் அவள் அணைப்பதற்குள் இரண்டு தடவை. அவள் எனக்குப் போன் செய்தபோது அவள் குரலில் ஈரமே இல்லை. எங்கெங்கோ மறைந்திருந்த கோப்புறைகளையெல்லாம் தோண்டி, என் குரல் இருந்த இடத்தையே தேய்த்துக் கழுவிவிட்டாள். அழிக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்திருக்கலாமே என்று கெஞ்சினேன். “அண்ணி, எங்க மேனேஜர் என்னைய மிளகுன்னு கூப்பிடறாரு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இப்போது உன் முறை, தம்பி. நன்றாக உட்கார்ந்து படி.

வேறு கதியில்லாமல் உன்னிடம் வந்தேன். நீ ஒரு யோசனை சொன்னாய். லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸ் மாதிரி நடிக்கிற ஒன்று இருக்கிறது, அதைக் கிடங்கிலிருந்து வரவழைத்தால் படப்பலகை ஏமாந்துபோய் ஓடும் என்றாய். அதற்கு நான் நடிகன் என்று பெயர் வைத்தேன். நீ அலுவலகம் போகிற பேருந்தில் போனோடு, நான் மிளகை மடியில் வைத்துக்கொண்டு இங்கே. நான் வழக்கம்போல ‘ஏதோ கேக்குதுடா’ என்றதும் உனக்கு எரிச்சல் வந்தது. “அக்கா, ஏதோ கேக்குதுன்னு சொல்லாத. எழுத்து எப்படி இருக்கோ அப்படியே படி, மெதுவா. படிச்சிட்டு, நான் சொல்ற வரைக்கும் மவுஸ்லேருந்து கைய எடு.” அக்காவுக்குக் கட்டளை போடுகிற வயசு உனக்கு. ஆனாலும் செய்தேன். சின்ன வகுப்புப் பிள்ளை மாதிரி, திரையைப் பார்த்து, ‘கீழ்க்காணும் பொதிகள் நிறுவப்படும். தொடரவா?’ என்று படித்துவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உனக்குச் சிக்னல் போய்விடும். காத்திருப்பேன். யாரோ உன் காலை மிதிப்பார்கள், அவரிடம் பேசிவிட்டு வருவாய். காத்திருப்பேன். பிறகு, “ம், ஆம் போடுக்கா” என்பாய். அடுத்த கேள்வி வரும். மறுபடியும் படி, கையை எடு, காத்திரு. மூன்று நாள் காலையும் மாலையும் இதே கச்சேரி. மிளகு ஒரு நாளும் மடியை விட்டு இறங்கவில்லை. கார்ட்டூனுக்குக்கூட இப்படி உட்கார்ந்ததில்லை, பாவம், அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாள்.

கடைசியில் நடிகன் வந்தான், படப்பலகை ஏமாந்தது, ஓடியது. மூன்றாவது தடவையாகப் பால், பந்து, பூனை. போர்வையும் இல்லை, குளியலறையும் இல்லை, கீழ்வீட்டு அம்மா எதிரிலேயே உட்கார்ந்து பதிந்தேன், வெட்கமெல்லாம் போய்விட்டது. மிளகு அழுத்தினாள். குறிப்புகள் சேர்ந்தன. வெள்ளிக்கிழமைக்குக் கையில் ஒன்று இருக்கிறது என்று முந்தாநாள் நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நேற்று நீயாகக் கூப்பிட்டாய். நான் கூப்பிடவில்லை, நீயாக. வேலை முடிந்துவிட்டது அல்லவா, நடிகனை வரவழைக்க முதலில் போட்டோமே, அந்த உதவிப் பொதியை அப்படியே நீக்கிவிடு, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்றாய். நீக்கு என்பதை அழுத்தினேன். இதையும் இதை நம்பியிருக்கும் பொதிகளையும் நீக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் வந்தது, கல்யாணப் பந்தி மாதிரி நீளமாக. அப்படியே படித்தேன். பாதியில், “லிஸ்ட் பெருசா இருக்கேடா, நடிகன் பேர் கூட இருக்கு” என்றேன்.

“அது அப்படித்தான் காட்டும். ஆம் போடு.”

போட்டேன். நடிகன் போனான். அவன் ஒப்பனைக்காரன், திரை இழுப்பவன், விளக்குப் பிடிப்பவன் எல்லோரும் போனார்கள். படப்பலகை ஒரு வெள்ளைக் காகிதப் படமாகி நின்றது, அழுத்தினால் எதைக்கொண்டு திறப்பது என்று என்னையே கேட்கிறது. உன்னிடம் சொன்னேன். நீ சொன்ன பதில், எழுத்து எப்படி இருக்கோ அப்படியே எழுதுகிறேன்: “அச்சச்சோ.” அதற்குப் பிறகு உனக்கு மீட்டிங். இன்று முழுவதும் மீட்டிங். உன் கம்பெனியில் வேலையே நடப்பதில்லையா?

எனக்கு ஒன்று சொல். ஒருவன் போகும்போது தன் சாமானைப் பாதி விட்டுவிட்டு நம் சாமானை எடுத்துக்கொண்டு போகிறான். ஒருவன் போய்விட்டேன் என்று சொல்லிவிட்டுப் பரணில் உட்கார்ந்துகொண்டு குரல் கொடுக்கிறான். ஒருவன் போகும்போது தெருவையே கூட்டிக்கொண்டு போகிறான், அதையும் முன்கூட்டியே பட்டியல் போட்டுக் காட்டி, என் வாயாலேயே சம்மதம் வாங்கிக்கொண்டு. இதற்குத்தான் நீங்களெல்லாம் ராத்திரி பகலாக உட்கார்ந்து படித்தீர்களா? கீழ்வீட்டில் குடியிருந்தவர்கள் காலி செய்தபோது ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் ஒருவரும் கணினி படிக்கவில்லை.

நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. குறிப்பு எங்கே என்று அவர் கேட்பார். நான் மூன்று இயங்குதளங்களின் கதையைச் சொல்ல வேண்டும். அவர் கேட்டுக்கொண்டு காத்திருப்பார். பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதுவார். 

ஆகவே, நீ முதல் வேலையாக விடுப்பு எடுத்துக்கொண்டு கிளம்பி வந்து இந்த லினக்ஸை வழித்து எடு. அதோடு இந்தத் தமிழையும் எடு. நிறுவு, நீக்கு, தொடரவா, ஆம் எதுவும் என் கண்ணில் படக் கூடாது. பழையபடி எது இருந்ததோ அதைப் போட்டு, மெதுவாக ஓடினால் ஓடட்டும் என்று அப்படியே விட்டுவிட்டுப் போ. அதற்குப் பிறகு இந்த வீட்டில் எந்த மென்பொருளும் உள்ளே வராது, வெளியே போகாது. நீ வந்தால் சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு, கணினி இருக்கும் மேசைக்குப் பக்கத்தில் மட்டும் உனக்கு வேலை கிடையாது.

வெயிலில் அலையாதே. அம்மாவுக்கு மறக்காமல் பேசு, என் கோபத்தைச் சொல்லாதே. சீக்கிரம் உனக்குக் கல்யாணமாகி, உன்னை விசைப்பலகையைத் தொடவே விடாத ஒருத்தி வாய்க்க வேண்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன்.

கோபம் தணியாத,
அக்கா

பின்குறிப்பு: காலையில் எழுதுகிறேன். கடிதத்தைப் படம் எடுத்தாகிவிட்டது. கூடவே நீ செய்த வேலைக்குச் சாட்சியாக அந்த வெள்ளைக் காகிதப் படத்தையும் எடுத்து அனுப்பலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். மிளகு வந்து மடியில் ஏறிக்கொண்டாள். திரையில், ‘புதுப்பிப்புகள் உள்ளன. தொடரவா?’ என்று இருந்தது. மூன்று நாள் பழக்கம், வாய்விட்டுப் படித்துவிட்டேன். படித்துவிட்டு மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு நீ சொல்வதற்காக உட்கார்ந்திருந்தேன். நீ போனில் இல்லை என்பது எனக்கு உறைக்கவே கொஞ்சம் நேரம் ஆனது.

“ஆம்” என்றாள்.

ஆமா இல்லை. ‘ம்’ இல்லை. ஆம். உதட்டை மூடி, அழகாக, மாலை போட்டு மைக் கொடுத்த மாதிரி. நான் மூச்சு விடவில்லை. மறுபடியும், ‘தொடரவா?’ என்று படித்தேன். கையை எடுத்தேன். வாயைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். “ஆம்” என்றாள். எதைப் புதுப்பிக்கப் போகிறது என்றுகூடப் பார்க்காமல் போட்டேன். அதற்குப் பிறகு கிடங்கைத் திறந்து நடிகனைக் கேட்டேன், அவன் பட்டாளத்தோடு தொடரவா என்றான், அவள் ஆம் என்றாள், வந்தான். வந்து பார்த்தால் என் குரலும் அவள் குறிப்பும் வைத்த இடத்தில் அப்படியே இருக்கின்றன. ஆளைத்தான் அனுப்பியிருக்கிறதே தவிர, அந்த அறைச் சாமானைத் தொடவில்லை உன் லினக்ஸ். பிறகு நட்சத்திர வரைபடம் வேண்டுமா என்றேன், ஆம். மீன் தொட்டி, ஆம். பியானோவுக்குச் சுருதி சேர்க்கிற கருவி, ஆம். நம்மிடம் பியானோ கிடையாது, இருந்தாலும் போட்டாகிவிட்டது.

பேச்சுப் பயிற்சி அம்மாவுக்குப் போன் செய்தேன். என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டார். நிறுவச் சொல்லிக் கொடுத்தேன் என்றேன். வெள்ளிக்கிழமை குறிப்போடு அந்த லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார்.

நீ வா. ஆனால் எதையும் எடுக்காதே. லினக்ஸையும் தமிழையும் தொட்டால் கையை உடைப்பேன். அவளுக்கு இன்னும் ‘இல்லை’ வரவில்லை, அதற்கு என்ன போட வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வா. இதை எழுதும்போது உன் மாமா மிளகை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு மென்பொருளின் நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கையை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறார். இன்னும் ‘அடுத்து’ போடவில்லை.